பள்ளி ஊழியர்களுக்கான குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி: ஆன்லைன் பாடம் சுமார், நேர்வகுப்பு பிரமாதம்

வேறு பள்ளிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் "அந்தப் பயிற்சி எப்படி இருந்தது, எடுக்கலாமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். நடத்திய நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே அச்சில் பயிற்சி விற்பவர்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், நான் சொல்லும் நிறையும் குறையும் அவர்களில் பாதிப் பேருக்காவது பொருந்தும். பயிற்சி இரண்டு பாகம். முதலில் அவரவர் கம்ப்யூட்டரில் பார்த்து முடிக்க வேண்டிய ஆன்லைன் பாடம், அதன் பிறகு பயிற்சியாளர் ஒருவர் நேரில் வந்து எடுக்கும் ஒரு முழுநாள் வகுப்பு. ஆன்லைனுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். நேர்வகுப்புக்கு நாலரை. அந்த அரை மதிப்பெண் எங்கே போனது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மற்றதையும் சொல்லாமல் அதைச் சொன்னால் புரியாது.

முதலில் பிடித்த விஷயம். ஆசிரியர்களுக்கு மட்டும் என்று இல்லாமல் அலுவலக எழுத்தர், பஸ் டிரைவர், வாட்ச்மேன், துப்புரவு செய்பவர்கள், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் தலைகாட்டும் பாட்டு டீச்சர், விளையாட்டுப் பயிற்சியாளர் என எல்லோரும் வந்தாக வேண்டும் என்று நிறுவனமே நிபந்தனை போட்டது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் நிர்வாகம் கொஞ்சம் முனகியது. ஆனால் ஒரு பிள்ளை மனசில் கிடப்பதைச் சொல்ல ஆள் தேடும்போது பதவி பார்த்தா தேடுகிறது? கணக்கு டீச்சரிடம் வாயைத் திறக்காத பிள்ளை, தினமும் கை பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிடும் அண்ணனிடம் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போகும். அந்த வார்த்தையைக் கேட்டவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாவிட்டால் மீதி எல்லோருக்கும் தெரிந்து என்ன பிரயோஜனம்.

இப்போது ஆன்லைன் பாடம். உடல்ரீதியான வன்முறை, மனரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, புறக்கணிப்பு என்று வழக்கமான நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ, வீடியோவுக்குப் பின் க்விஸ். வீடியோவில் நடிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு சன்னலைப் பார்க்கிறார்கள். கஷ்டப்படும் பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிப் போகிறவர், வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு திரியும் பிள்ளையையும், எதற்கெடுத்தாலும் அடிக்கப் பாயும் பிள்ளையையும், சொன்னதற்கு மேலேயே செய்து நல்ல பெயர் வாங்கும் பிள்ளையையும் கோட்டை விட்டுவிடுவார். கவனிக்க வேண்டியது சோகத்தை அல்ல, மாற்றத்தை. நேற்றுவரை ஒரு மாதிரி இருந்த பிள்ளை இன்று வேறு மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை நேர்வகுப்பு எடுத்த பயிற்சியாளர் அம்மா ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார், ஆன்லைனில் இதற்கு ஒரு ஸ்லைடு கூட இல்லை.

க்விஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "மாணவர் ஒருவர் வீட்டில் தன்னை அடிப்பதாகச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு மூன்று விடை கொடுத்திருந்தார்கள்: பேச்சை மாற்றுவேன், பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவிப்பேன், பொய் சொல்லாதே என்று கண்டிப்பேன். இதில் தப்பான விடையைத் தேர்ந்தெடுக்க ஒருவர் நிஜமாகவே முயற்சி எடுக்க வேண்டும். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் வீடியோவை ஒலி இல்லாமல் ஓடவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் நூற்றுக்கு நூறு, எல்லோருக்கும் பெயர் போட்ட சான்றிதழ். நிர்வாகம் அதை ஃபைலில் வைத்திருக்கிறது. ஆய்வுக்கு யாராவது வந்தால் காட்ட உதவும், வேறு எதற்கும் உதவாது.

அதில் உருப்படியாக இருந்த ஒரே பகுதி காயங்களைப் பற்றியது. ஓடியாடி விழும் பிள்ளைக்கு முழங்கால், முன்னங்கால், முழங்கை, நெற்றி போன்ற எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில்தான் அடிபடும். காது, கழுத்து, வயிறு, முதுகு, தொடையின் உள்பக்கம் மாதிரி சதைப்பற்றான, மறைவான இடங்களில் கன்றிப்போயிருந்தால் அதை வேறு மாதிரி பார்க்க வேண்டும். இன்னும் நடக்கவே தொடங்காத குழந்தைக்குக் கன்றிய காயம் இருப்பதே அரிது. இதை உடல் வரைபடத்தில் வண்ணம் போட்டுக் காட்டியிருந்தார்கள், மனசில் நின்றது. காயத்தைவிட அதற்குச் சொல்லப்படும் காரணம் பொருந்துகிறதா, ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் காரணம் மாறுகிறதா என்று பார்க்கச் சொன்னதும் சரியான அறிவுரைதான்.

ஆனால் புறக்கணிப்புக்கு ஒதுக்கிய நேரம் அநியாயம். இரண்டே ஸ்லைடு, கிழிந்த சட்டை போட்ட ஒரு பிள்ளையின் படம், முடிந்தது. அமெரிக்க அரசின் பதிவுகளில் ஆண்டுதோறும் உறுதி செய்யப்படும் பாதிப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புறக்கணிப்புதான். ஆசிரியர் தினசரி பார்ப்பதும் இதைத்தான். பல் வலி என்று மாதக்கணக்கில் சொல்லும் பிள்ளை, கண்ணாடி உடைந்து போய் மாற்றித் தரப்படாத பிள்ளை, திங்கட்கிழமை காலையில் பசியோடு வரும் பிள்ளை, மணி அடித்து வெகுநேரம் ஆகியும் கூட்டிப் போக ஆள் வராத பிள்ளை. இதில் எங்கே ஏழ்மை முடிகிறது, எங்கே புறக்கணிப்பு தொடங்குகிறது என்பது ரொம்பச் சிக்கலான கேள்வி. வசதியான வீட்டிலும் புறக்கணிப்பு உண்டு, கையில் பத்துப் பைசா இல்லாத வீட்டில் பிள்ளையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயத்தை ஒரு சட்டைப் படத்தில் முடித்துவிட்டார்கள்.

சட்டப் பகுதியும் இதே லட்சணம்தான். 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் தொடங்குகிறார்கள், சரி, அதன் 19-ஆம் பிரிவு பெற்றோரிடமோ வேறு யாருடைய பராமரிப்பிலோ இருக்கும்போது குழந்தையை எல்லாவித வன்முறையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காக்கச் சொல்கிறது, அதையும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு "உங்கள் நாட்டுச் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள்" என்று ஒரே வரி! ஊழியர் தெரிந்துகொள்ள வேண்டியதே அந்த வரிக்குப் பின்னால்தான் இருக்கிறது. இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-ஆம் பிரிவில் இருக்கிறது, பயந்துகொண்டு இருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அயர்லாந்தில் 2017 டிசம்பரிலிருந்து பதிவு பெற்ற ஆசிரியருக்குத் தெரிவிக்கும் கடமை சட்டப்படியே தனிப்பட்ட கடமை, தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்று கையைக் கழுவ முடியாது. நாட்டுக்கு நாடு இவ்வளவு வேறுபடும்போது பொதுவாக ஒரு வரி போட்டுக் காசு வாங்குவது சோம்பேறித்தனம்.

சரி, நேர்வகுப்புக்கு வருவோம். வந்தவர் பல ஆண்டுகள் குழந்தைகள் நலத்துறையில் களப்பணி செய்தவர். பேச ஆரம்பிக்கும் முன் ஒன்று சொன்னார்: "இங்கே இருப்பவர்களில் சிலருக்குச் சின்ன வயசில் இதெல்லாம் நடந்திருக்கும். எந்த நேரத்திலும் எழுந்து வெளியே போகலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம், கதவுக்குப் பக்கத்தில் உட்கார நினைப்பவர்கள் இப்போதே இடம் மாறிக்கொள்ளுங்கள்." இரண்டு பேர் இடம் மாறினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே இவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது, ஏனென்றால் இந்த வகையில் ஏற்கெனவே பார்த்த உரைகளில் பேசுபவர்கள் கேட்பவர்களை எல்லாம் வெறும் பார்வையாளர்களாக நினைத்துக்கொண்டு கொடூரமான கதைகளை அடுக்குவார்கள்.

காலை முழுவதும் ஒரே விஷயம்: பிள்ளை வாயைத் திறந்த முதல் இரண்டு நிமிடம். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவருக்குப் பிள்ளை வேஷம், கையில் ஒரு சீட்டு. எனக்கு வந்த சீட்டில் எழுதியிருந்தது இது: "இன்னைக்கு வீட்டுக்குப் போகலை என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் தரையைப் பாருங்கள். அவசரப்படுத்தாமல் இருந்தால் மட்டும் அடுத்த வரியைச் சொல்லுங்கள்." எதிரே இருந்தவர் எங்கள் அறிவியல் ஆசிரியர், தங்கமான மனிதர், பிள்ளைகளுக்கு உயிர். நான் தரையைப் பார்த்த அடுத்த நொடியே "ஏன், யாராவது அடிச்சாங்களா? அப்பாவா?" என்று கேட்டுவிட்டார். பயிற்சியாளர் மெதுவாக வந்து, "இப்போது அப்பா என்ற ஆள் இந்த அறைக்குள் வந்துவிட்டார், அவரைக் கூட்டி வந்தது பிள்ளை இல்லை, நீங்கள்" என்றார்.

அதற்குப் பிறகுதான் விளக்கினார். "சொல்லுப்பா", "என்ன நடந்துச்சு?", "அப்புறம்?" இந்த அளவு கேள்வி போதும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி வேண்டாம். "ஏன்" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம், பிள்ளையின் காதில் அது "நீ ஏன் அப்படிச் செய்தாய்" என்றுதான் விழும். சும்மா இருப்பதும் ஒரு வேலை, அதைப் பழக வேண்டும். ஆசிரியர்களுக்கு வகுப்பில் மௌனம் என்றாலே கை பரபரக்கும், நாங்கள் எல்லோரும் அதில்தான் திணறினோம். முகத்தில் அதிர்ச்சி காட்டக் கூடாது, ஏனென்றால் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துத்தான் மீதியைச் சொல்லலாமா என்று முடிவு செய்யும். அந்த இரண்டு நிமிடத்தில் நாம் விசாரணை அதிகாரி இல்லை. உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, கேட்டதைச் சிந்தாமல் சிதறாமல் உரியவரிடம் கொண்டு சேர்ப்பது மட்டும்தான் நம் வேலை.

"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல மிஸ்?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் இருந்த கேள்விதான். சத்தியம் செய்துவிட்டு மீறுவது இன்னொரு துரோகம், சத்தியம் செய்துவிட்டு மறைப்பது அதைவிட மோசம். பயிற்சியாளர் தந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "நீ பத்திரமா இருக்கணும்னா நான் ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன். நீ சொன்னது நல்லது." இதை எல்லோரையும் வாய்விட்டுப் பலமுறை சொல்ல வைத்தார். முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகுதான் புரிந்தது, நாக்கு பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் தானாக வரும்.

கேள்வியின் ஆபத்தைக் காட்ட அவர் சொன்னது அமெரிக்காவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு. 1983-இல் கலிஃபோர்னியாவில் கிளம்பிய பாலியல் கொடுமைப் புகார், நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், கேட்ட விதத்திலேயே விடை இருந்தது, கடைசியில் 1990-இல் ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகாமல் வழக்கு முடிந்தது. அங்கே என்ன நடந்தது, நடக்கவே இல்லையா என்று யாராலும் பிரித்தறிய முடியாதபடி கேள்வி கேட்டவர்களே குழப்பிவிட்டார்கள். பிள்ளைகளின் பேச்சை நம்ப வேண்டும் என்று சொல்பவர்களும் சரி, வீண்பழி வருமே என்று பயப்படுகிறவர்களும் சரி, இருவருமே கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே பாடம்தான்: கேள்வியைக் குறை.

மதியம் எழுதும் பயிற்சி. இதற்காகவே இன்னொரு முறை காசு கொடுத்து உட்காரலாம். ஒரு சிறு வீடியோ போட்டு, பார்த்ததை எழுதச் சொன்னார். பெரும்பாலானோர் "மாணவன் பயந்து போயிருந்தான், ஏதோ மறைக்கிறான்" என்று எழுதினோம். அவர் கேட்டார்: பயம் என்பது நீங்கள் பார்த்ததா, நினைத்ததா? பார்த்தது என்ன? "பேசும்போது கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். வலது கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்." இதுதான் பதிவு. நம் கருத்தை எழுதவே கூடாது என்று இல்லை, ஆனால் தனியாக, இது என் கருத்து என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். பிள்ளை சொன்ன வார்த்தை கொச்சையாக இருந்தாலும், உடல் உறுப்புக்கு வீட்டில் பழகிய செல்லப்பெயரைச் சொன்னாலும் அதையே எழுத வேண்டும். நாம் நாகரிகமாக மாற்றி எழுதிய அந்த நிமிடமே அது பிள்ளையின் வாக்குமூலமாக இல்லாமல் போகிறது. நாள், நேரம், இடம், கூட யார் இருந்தார்கள், நாம் என்ன கேட்டோம், கையெழுத்து. அன்றைக்கே. காயத்தைச் செல்போனில் படம் எடுக்கக் கூடாது, உடல் வரைபடத்தில் குறித்தால் போதும், பிள்ளையை ஆடை விலக்கிக் காட்டச் சொல்லக் கூடாது. அப்புறம் முக்கியமாக, அதே கதையைத் தலைமை ஆசிரியரிடம் ஒரு தடவை, தாளாளரிடம் ஒரு தடவை, ஆலோசகரிடம் ஒரு தடவை என்று பிள்ளையைச் சொல்ல வைக்கக் கூடாது.

அடுத்து வந்தது சீட்டு விளையாட்டு. ஒவ்வொரு மேஜைக்கும் கற்பனையான ஒரே பிள்ளையைப் பற்றிச் சில சீட்டுகள், ஆளுக்கு ஒன்று, அவரவர் பதவிக்கு ஏற்றபடி. அலுவலக எழுத்தரின் சீட்டில், வீட்டு போன் நம்பர் அடிக்கடி மாறுகிறது. வகுப்பு ஆசிரியரின் சீட்டில், வீட்டுப்பாடம் நின்றுவிட்டது. விளையாட்டுப் பயிற்சியாளரின் சீட்டில், நீச்சல் என்றால் வயிற்று வலி என்கிறான். பஸ் டிரைவரின் சீட்டில், இறங்கும் இடத்தில் புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். தனித்தனியாகப் படித்தால் எதுவுமே இல்லை. ஒருவர்பின் ஒருவராகச் சத்தமாகப் படித்தபோது எங்கள் மேஜையில் யாரும் பேசவில்லை. இதற்குத் துணையாக அவர் சொன்ன உதாரணம் விக்டோரியா கிளிம்பியே. எட்டு வயதுச் சிறுமி, 2000 பிப்ரவரியில் லண்டனில், பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் கொடுமையால் இறந்துபோனாள். விசாரித்த லாமிங் பிரபுவின் அறிக்கை 2003-இல் வந்தது, அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடிய சந்தர்ப்பங்கள் குறைந்தது பன்னிரண்டு என்றது. மருத்துவமனைக்குத் தெரியும், சமூக நலத்துறைக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியும், ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். லண்டனில் இருந்த காலத்தில் அவளைப் பள்ளியில் சேர்க்கவே இல்லை என்பது இன்னொரு விஷயம். பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றி யாரும் சீட்டு எழுதுவதில்லை. காரணம் இல்லாத நீண்ட விடுப்பு, சொல்லாமல் கொள்ளாமல் டி.சி. வாங்கிப் போவது, இதெல்லாமே அறிகுறிதான் என்று இந்த வகுப்பில்தான் எங்கள் எழுத்தர் முதன்முறையாகக் கேட்டார். அவர்தான் அன்று அதிகமாகக் குறிப்பு எடுத்தவர்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பற்றி நேரம் ஒதுக்கியதும் பாராட்ட வேண்டியது. உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மற்றப் பிள்ளைகளைவிட இவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு 3.7 மடங்கு என்கிறது. நடத்தையில் மாற்றம் வந்தால் "அது அவனுடைய குறைபாட்டால் வருவது" என்று சொல்லித் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம் என்று யோசிக்கும்போது அந்த எண் ஆச்சரியமாக இல்லை. பேச்சு வராத பிள்ளைக்கு உடல் உறுப்புகளின் படஅட்டை கூட இல்லாத பள்ளிகள்தான் அதிகம்.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் செய்வது, போனில் படம் பரவுவது எல்லாம் வேகமாகத்தான் போனது. ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: அப்படி ஒரு படம் இருக்கிறது என்று தெரிந்தால் ஆசிரியர் அதைத் திறந்து பார்க்கக் கூடாது, சாட்சிக்காக என்று தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளக் கூடாது, பல நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். போனை அணைத்து வாங்கிவைத்துவிட்டு உரியவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டாஃப் குரூப்பில் போட்டு "பாருங்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகளை" என்று எழுதுகிறவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள், அவர்களுக்கு இந்த ஒரு நிமிடமே போதும்.

இனி அந்த அரை மதிப்பெண்.

நாள் முழுவதும் நாங்கள் பேசியது எல்லாம் வீட்டில் நடக்கும் கொடுமையை, இல்லாவிட்டால் வெளியாளின் கொடுமையை. பள்ளிக்குள்ளேயே, நம்மோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒருவர் என்றால்? அதற்கு மாலையில், எல்லோரும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகு, ஒரே ஒரு ஸ்லைடு. "சக ஊழியர் மீது சந்தேகம் வந்தால் தலைமை ஆசிரியரிடம் தெரிவிக்கவும்." எங்கள் பாட்டு டீச்சர் கையைத் தூக்கி, "தலைமை ஆசிரியர் மீதே சந்தேகம் வந்தால்?" என்று கேட்டார். அறையில் ஒரு சலசலப்பு, தலைமை ஆசிரியரும் முன்வரிசையில்தான் இருந்தார். பயிற்சியாளர் "நிர்வாகக் குழுத் தலைவரிடம், இல்லாவிட்டால் நேரடியாக அதிகாரிகளிடம்" என்று சரியான பதிலைத்தான் சொன்னார். ஆனால் நேரம் முடிந்துவிட்டது. குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டிய பகுதி இது.

ஏனென்றால் இதில்தான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். தவறான நோக்கம் கொண்டவர் பிள்ளையை மட்டும் வளைப்பதில்லை, சுற்றியுள்ள பெரியவர்களையும் சேர்த்தே வளைக்கிறார். எல்லாருக்கும் உதவி, கூடுதல் வகுப்பு, லீவு நாளிலும் பள்ளி வேலை, பெற்றோரிடம் நல்ல பெயர். அவரைப் பற்றிச் சின்னச் சந்தேகம் வந்தாலும் "சே, நாம் இப்படி நினைக்கலாமா" என்று நம்மையே நாம் திட்டிக்கொள்வோம். மாணவிக்கு இரவில் தனியாக மெசேஜ் அனுப்புவது, ஒரே பிள்ளைக்கு மட்டும் பரிசு, கதவைச் சாத்திக்கொண்டு தனிப்பாடம், இவை குற்றம் என்று சொல்ல முடியாதவை, ஆனால் எழுதி வைக்க வேண்டியவை. இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான அரசு வழிகாட்டுதல் இதற்கென்றே சிறுசிறு கவலைகளைப் பதிவு செய்யும் முறையை வைக்கச் சொல்கிறது. யாரையும் குற்றவாளி ஆக்காமல், மூன்று நான்கு பேர் தனித்தனியாகப் பார்த்தது ஒரே இடத்தில் சேர ஒரு வழி அது. மதியம் விளையாடிய அதே சீட்டு விளையாட்டை ஓர் ஊழியரை வைத்தும் விளையாடியிருக்கலாம். இந்த நிறுவனம் அந்தப் பக்கமே போகவில்லை. கட்டணம் கட்டும் நிர்வாகத்தைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்ற வியாபார யோசனையோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களுக்குள் நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றி 2013 முதல் 2017 வரை ராயல் கமிஷன், அதாவது அரசு அமைத்த உயர்மட்ட விசாரணைக் குழு, விசாரித்தது. தனி அமர்வுகளில் மட்டும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளிகள், தேவாலயங்கள், விடுதிகள் எனப் பல இடங்களில் நிர்வாகம் பெயரைக் காப்பாற்றப் பார்த்தது, பிள்ளையை அல்ல. இந்த ஒரு விசாரணையை வைத்தே மதிய வகுப்பு முழுவதையும் நடத்தலாம்.

ஆள் எடுக்கும்போது செய்யும் சரிபார்ப்பைப் பற்றியும் மேலோட்டமாகத்தான் பேசினார்கள். இங்கிலாந்தின் சோஹம் ஊரில் 2002-இல் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் அங்கிருந்த ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். அவர்மேல் முன்பே வேறொரு பகுதிப் போலீஸில் பல புகார்கள் இருந்தும் வேலை கொடுத்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, இதை விசாரித்து 2004-இல் வந்த பிச்சார்ட் அறிக்கைக்குப் பிறகுதான் அங்கே சரிபார்ப்பு முறையே மாறியது. ஆனால் போலீஸ் சான்று என்பது ஏற்கெனவே மாட்டியவர்களை மட்டும்தான் காட்டும். முன்பு வேலை பார்த்த பள்ளிக்கு போன் செய்து, "இவரை மறுபடி எடுப்பீர்களா" என்று கேட்பது அதைவிட உபயோகமான வேலை, அதற்குச் செலவும் இல்லை.

எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆன்லைன் மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பள்ளியின் பாதுகாப்புக் கொள்கையை எல்லோருக்கும் புரியும் மொழியில் அச்சடித்துக் கொடுங்கள், அதில் பொறுப்பாளரின் பெயரும், அவர் லீவில் இருந்தால் மாற்று யார் என்பதும், இருவருடைய போன் நம்பரும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். நேர்வகுப்பு தாராளமாக எடுக்கலாம், ஆனால் பேசி முடிக்கும் முன் சிலது கேட்டுக்கொள்ளுங்கள். வருபவர் களத்தில் வேலை செய்தவரா, ஸ்லைடு படிப்பவரா? நம் நாட்டுச் சட்டம் உண்டா? எழுதும் பயிற்சி உண்டா? ஊழியர் மீதான புகாருக்கு எவ்வளவு நேரம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். ஐம்பது பேருக்கு மேல் ஒரே அறையில் உட்கார வைத்தால் நடித்துப் பழகும் பகுதி கெட்டுவிடும், இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். படிக்க எழுதச் சிரமப்படும் ஊழியர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எங்கள் வகுப்பில் துப்புரவு செய்யும் ஒரு அக்காவுக்குப் பயிற்சியாளரே பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார், ஆனால் அது அவர் நல்ல மனசு, நிறுவனத்தின் ஏற்பாடு அல்ல.

ஒரு தடவை எடுத்தால் ஆயுசுக்கும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது புதுத்தகவல் சொல்ல வேண்டும், பொறுப்பாளர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் நிர்வாகம் அடுத்த ஆண்டுக்கு இதே பயிற்சியாளரைக் கேட்டிருக்கிறது, ஆன்லைன் பாகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், அதற்குப் பதில் ஊழியர் மீதான புகாருக்கு அரை நாள் கேட்டோம். கூடுதல் கட்டணம் என்கிறார்கள், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.